புதிய டொமைன் எக்ஸ்டென்ஷன் வரும்போதெல்லாம் ஏன் இவ்வளவு சண்டை?

கூடுகட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பறவைகளைப் பற்றி எட்டு வருடமாக ஒரு தளம் நடத்துகிறேன், டாட் நெட் முகவரியில். அதில் வருமானம் எதுவும் கிடையாது. ஆனால் தினமும் வந்து படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் சிறகின் படம் எடுத்து அனுப்பி இது எந்தப் பறவை என்று கேட்கிறார்கள், அதனால் அந்தப் பெயரை விட எனக்கு மனமில்லை.

போன வாரம் டொமைன் விற்கிற ஒரு நிறுவனத்திடமிருந்து அடுத்தடுத்து மூன்று மெயில். உங்கள் பெயர் இன்னும் பதினோரு எக்ஸ்டென்ஷன்களில் காலியாக இருக்கிறது, வேறு யாராவது எடுப்பதற்குள் நீங்களே எடுத்துவிடுங்கள் என்று. டாட் ஆன்லைன், டாட் சைட், டாட் ஸ்டோர், டாட் வேர்ல்ட் என்று பட்டியல் நீள்கிறது. முதல் வருடம் மிக மலிவு. கீழே பொடி எழுத்தில் இருந்த புதுப்பிக்கும் விலையைப் பார்த்தேன், பத்து மடங்குக்கு மேல்!

இதைப் பற்றித் தேடப் போய் வேறு எங்கேயோ போய்விட்டேன். அமேசான் என்ற சொல்லுக்காக ஒரு நிறுவனமும் நாடுகளும் வருடக்கணக்கில் மோதினவாம், டாட் வெப் ஏலத்தில் கோடிக்கணக்கான டாலருக்குப் போனதாம். ஒரு புள்ளிக்குப் பின்னால் வருகிற நாலு எழுத்து, அதற்கு ஏன் இவ்வளவு? யார் முடிவு செய்கிறார்கள்? சண்டை யாருக்கும் யாருக்கும்? கடைசியாக, என்னைப் போன்றவர்கள் இந்தப் பதினொன்றையும் வாங்கத்தான் வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

வேர்முனை எழுதியது:

பதினைந்து வருடமாக ஹோஸ்டிங் வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இணையப் பெயர்களுக்கு வேர் ஒன்றே ஒன்றுதான், இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் விளங்கிவிடும். நீங்கள் ஒரு முகவரியைத் தட்டினால் தேடல் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கும். டாட் நெட் யார் பொறுப்பில் இருக்கிறது என்று ரூட் சர்வரிடம், அதாவது அந்த வேரின் பட்டியலை வைத்திருக்கும் கணினியிடம் கேட்கும், அது ஓர் இடத்தைக் காட்டும், அங்கே போய் உங்கள் தளத்தின் பெயரைக் கேட்கும். ரூட் சர்வர்களில் இருக்கிற அந்தக் கோப்பு ஒன்றும் பெரியதில்லை. இன்றைக்கு 1,400க்கு மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள், ஒவ்வொன்றுக்கும் சில வரிகள், அவ்வளவுதான். வெளியுலகத்தில் ஒரே பெயரில் ஒருவர் செருப்பு விற்கலாம், இன்னொருவர் மருந்து விற்கலாம், வர்த்தக முத்திரைச் சட்டமும் அதை அனுமதிக்கிறது. ரூட் கோப்பில் அது நடக்காது. ஒரு சொல் ஒருவருக்குத்தான், கொடுத்த பிறகு திரும்ப வாங்குவதும் லேசில்லை. அதனால்தான் கொடுப்பதற்கு முன்பே எல்லோரும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்தச் சண்டைக்கு முப்பது வயதாகிறது. 1990களில் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் மூன்றின் பதிவும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1995ல் அவர்கள் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள், அதுவரை பதிவு இலவசம். முகவரிப் பட்டியல்களை ஆரம்ப நாட்களிலிருந்து பராமரித்துவந்த ஜான் போஸ்டல், போட்டி இருந்தால்தான் இது சரியாகும் என்று 1996ல் 150 வரை புதிய எக்ஸ்டென்ஷன்கள் கொண்டுவர ஒரு திட்டம் எழுதினார். உடனே முத்திரை வைத்திருக்கும் நிறுவனங்கள் பதறின. ஒரு டாட் காமைக் காப்பாற்றுவதே பெரும்பாடு, இன்னும் 150 இடத்தில் எங்கள் பெயரை எவனெவனோ எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று. ஒரு குழு உட்கார்ந்து எண்ணிக்கையை ஏழாகக் குறைத்தது, டாட் ஃபர்ம், டாட் ஆர்ட்ஸ், டாட் வெப் எல்லாம் அதில் உண்டு. அதையும் அமெரிக்க அரசு நிறுத்திவைத்தது.

1998 ஜனவரியில் நடந்ததை நான் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் தவறாமல் சொல்வேன். அப்போது ரூட் சர்வர்களை நடத்தியவர்கள் 12 பேர். அதில் 8 பேருக்கு போஸ்டல் ஒரு மெயில் அனுப்பினார். இனி மூலக் கோப்பை நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடமிருந்து எடுக்காதீர்கள், என் கணினியிலிருந்து எடுங்கள் என்று. அவர் சொன்னார் என்பதற்காகவே அவர்களும் மாற்றினார்கள்! அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் எல்லாம் பழையபடி ஆனது. அதே வருடம்தான் ஐகான் அமைப்பு உருவானது, அக்டோபரில் போஸ்டல் காலமானார். யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டீர்களே, அன்றிலிருந்து ஐகான்தான். அதற்குள் அரசுகளுக்கு ஓர் ஆலோசனைக் குழு, நிறுவனங்களுக்கு ஒரு தரப்பு, பயனாளர்களுக்கு ஒரு தரப்பு என்று பல மேசைகள்.

2000ல் முதல் சுற்று. திருப்பித் தராத 50,000 டாலர் கட்டணம், நாற்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள், தேறியவை ஏழு: பிஸ், இன்ஃபோ, நேம், ப்ரோ, ஏரோ, கூப், மியூசியம். இதிலும் டாட் பிஸ்ஸை ஐகானுக்கு வெளியே ஒரு மாற்று ரூட்டில் ஏற்கெனவே சிலர் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பெயர் வாங்கியிருந்தவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள், ஒரு நாள் உலகம் முழுக்க அதே டாட் பிஸ் வேறொருவருடையதாகிவிட்டது.

பெரிய வெள்ளம் 2012ல் வந்தது. ஒரு விண்ணப்பத்துக்கு 185,000 டாலர் என்று வைத்தும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. உங்கள் மெயிலில் இருக்கிற பதினொன்றும் பெரும்பாலும் அந்தச் சுற்றில் பிறந்தவையாகத்தான் இருக்கும். மீதியை மற்றவர்கள் சொல்லட்டும், வாங்குவதா வேண்டாமா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

---

தும்பைப்பூ எழுதியது:

வேர்முனை சொன்னது தொழில்நுட்பப் பக்கம். எனக்கு இதில் நெஞ்சை உறுத்துவது வேறு. ஒரு சொல்லை விற்க இவர்கள் யார்?

அமேசான் விஷயத்தை முழுதாகச் சொல்கிறேன், அரைகுறையாகத்தான் எல்லா இடத்திலும் வருகிறது. 2012ல் அந்த நிறுவனம் தன் பெயரையே எக்ஸ்டென்ஷனாகக் கேட்டது. பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அது எங்கள் ஆறு, எங்கள் காடு, அங்கே வாழும் மக்களின் அடையாளம், ஒரு வியாபாரிக்கு மட்டும் உரியதாக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது: விதிப்புத்தகத்தில் காக்கப்பட்ட இடப்பெயர்களின் பட்டியலில் அந்தச் சொல் இல்லை, பல நாடுகளில் அது எங்கள் பதிவுபெற்ற முத்திரை என்றார்கள். 2013ல் டர்பனில் கூடிய அரசுகளின் குழு வேண்டாம் என்றது, அதுவரை எதிர்ப்பை ஆதரிக்காத அமெரிக்கா அன்று ஒதுங்கிக்கொண்டதால்தான் ஒருமித்த முடிவு சாத்தியமானது. 2014ல் ஐகான் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் நடுவர் குழுவிடம் போய் 2017ல் ஜெயித்தது. அதன் பிறகு அமேசான் படுகை நாடுகள் எட்டின் அமைப்போடு பேச்சுவார்த்தை, அது முறிந்து, மறுபடி தொடங்கி, கடைசியில் 2020ல் சொல் நிறுவனத்தின் கைக்குப் போனது. எட்டு வருடம். தென் அமெரிக்காவில் ஒரு நிலப்பகுதியின் பெயரான படகோனியாவை ஒரு துணி நிறுவனம் கேட்டபோது அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்தன, அவர்கள் 2013லேயே விலகிக்கொண்டார்கள். அப்படி விலகவும் முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரியாது. அதே சுற்றில் டாட் ராம் என்று ஒரு விண்ணப்பம் இருந்தது. கேட்டது கிரைஸ்லர் கார் நிறுவனம், அவர்களுடைய சரக்கு வண்டியின் பெயர் அது. ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்துக்கு ஆட்டுக்கடா என்று பொருள். இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டவர்கள் மனதில் ஆட்டுக்கடா, எதிர்த்தவர்கள் மனதில் தெய்வம். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே எழுத்துக்கோவைக்குள் இரண்டு உலகம் இருக்கிறது, ரூட் கோப்பில் ஒரு வரிதான் இருக்கிறது.

டாட் ஹலால், டாட் இஸ்லாம் இரண்டையும் துருக்கியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் கேட்டது. ஐக்கிய அரபு அமீரகமும் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும், ஒரு மதத்தையே ஒரு தனியார் கையில் கொடுப்பதா என்று எதிர்த்தன. 2018ல் ஐகான் மறுத்துவிட்டது. மெர்க் என்று இரண்டு மருந்து நிறுவனங்கள், ஒன்று ஜெர்மனியில், ஒன்று அமெரிக்காவில், முதல் உலகப்போரில் பிரிந்த ஒரே குடும்பத்துக் கிளைகள். இரண்டுமே டாட் மெர்க் கேட்டன. இரண்டுக்குமே அது சொந்தப் பெயர்.

இவற்றில் எனக்கு மிகவும் கோபம் வந்தது டாட் புக் மாதிரியான பொதுச் சொற்களில்தான். ஒரு புத்தகக்கடைக்காரர் டாட் புக்கை வாங்கி, நான் மட்டும்தான் அதில் பெயர் வைப்பேன், வேறு எந்தப் பதிப்பாளருக்கும் இடமில்லை என்றால் அது என்ன நியாயம்? அழகு என்ற சொல்லை ஓர் ஒப்பனைப் பொருள் நிறுவனம் இப்படித்தான் கேட்டது. மூடிவைத்த பொதுச்சொல் என்று இதற்குப் பெயர். 2013ல் அரசுகளின் குழு, பொது நன்மை ஏதாவது இருந்தால் ஒழிய இப்படிக் கொடுக்காதீர்கள் என்றது, பிறகு வருடக்கணக்காகப் பேசியும் பொது நன்மைக்கு ஓர் அளவுகோல் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றில் மூடிவைத்த பொதுச்சொல் கிடையாது என்று இப்போது முடிவாகியிருக்கிறது. அது சரியான முடிவு.

---

கூடுகட்டி எழுதியது:

டாட் ராம் கதையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், புதிய எக்ஸ்டென்ஷன் வருவதால் சும்மா உட்கார்ந்திருக்கிற மூன்றாவது மனிதர்களுக்கும் தொல்லை உண்டா? அதாவது விண்ணப்பமும் போடாமல், முத்திரையும் இல்லாமல் இருப்பவர்களுக்கு?

---

இரவுப்பணி எழுதியது:

உண்டு, நான் அனுபவித்தேன். நெட்வொர்க் பராமரிப்பு வேலை எனக்கு.

அலுவலகங்களில் உள்ளே மட்டும் பயன்படும் சர்வர்களுக்கு நாங்களாகவே ஒரு பெயர் வைப்போம். வெளியுலகத்தில் அப்படி ஓர் எக்ஸ்டென்ஷன் இல்லை என்ற தைரியத்தில் டாட் ஆபீஸ், டாட் கார்ப், டாட் ஹோம் என்று ஏதாவது. இருபது வருடமாக உலகம் முழுக்க எல்லோரும் செய்ததுதான், பாடப்புத்தகங்களிலேயே அப்படி எழுதியிருந்த காலம் உண்டு. 2014 வாக்கில் ஒரு காலை, நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் கணக்குப் பிரிவின் சர்வர் திறக்கவில்லை என்று போன் மேல் போன். சர்வர் நன்றாக ஓடுகிறது. கேபிள் சரி. சுவிட்ச் சரி. ஒரு மடிக்கணினியை வாங்கி அந்தப் பெயருக்குப் பிங் கொடுத்தேன். வந்த பதில் 127.0.53.53. அந்த எண்ணை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. வைரஸ் என்றே நினைத்து அரை நாள் போனது.

தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நாங்கள் உள்ளே வைத்திருந்த சொல் வெளியே நிஜமான எக்ஸ்டென்ஷனாக வந்துவிட்டது. திடீரென்று யாருடைய கணினிக்கோ நம் ரகசியம் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, புதிதாக வரும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் முதல் 90 நாள் எந்தப் பெயரைக் கேட்டாலும் அந்த விசித்திர எண்ணையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஐகான் விதி வைத்திருந்தது. 127 என்று தொடங்குவதால் கேள்வி உங்கள் கணினியைத் தாண்டிப் போகாது, 53 என்பது பெயரைக் கணினி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பயன்படுத்தும் போர்ட் எண், பார்த்தவன் இது பெயர் மோதல் என்று ஊகித்துக்கொள்ளட்டும் என்பதற்காக இரண்டு முறை. யோசித்துச் செய்த ஏற்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை, நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது வெளியே யாருக்குத் தெரியும்? அடுத்த இரண்டு மாதம் எல்லாக் கணினியிலும் பெயரை மாற்றினோம். பழைய பிரின்டர் ஒன்று கடைசிவரை பழைய பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அதிலும் டாட் கார்ப், டாட் ஹோம், டாட் மெயில் மூன்றுக்கும் ரூட் சர்வர்களில் வந்து விழும் கேள்விகள் மிக அதிகம். அவற்றைத் திறந்தால் எத்தனை அலுவலகங்களின் உள்விவகாரம் வெளியே கசியும் என்று பயந்து, விண்ணப்பங்கள் இருந்தும், 2018ல் இந்த மூன்றையும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

கூகுளின் டாட் டெவ்வும் இப்படி ஒன்று. நிரலாளர்கள் பலர் தங்கள் கணினியில் சோதனைத் தளங்களுக்கு அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். 2017 கடைசியில் குரோம் அந்த எக்ஸ்டென்ஷன் முழுவதையும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக மட்டுமே திறக்கும் என்று மாறியதும் சோதனைத் தளங்கள் வரிசையாக நின்றன. 2023ல் டாட் ஜிப் பொதுப் பதிவுக்கு வந்தபோது கவலை வேறு மாதிரி: கோப்பின் பெயரும் தளத்தின் முகவரியும் பார்வைக்கு ஒன்றாகிவிட்டால், மெயிலில் எழுதியிருக்கும் கோப்புப் பெயர் தானாக லிங்க் ஆகி, அவசரத்தில் இருப்பவர் அதை அழுத்திவிடுவார்.

உள் உபயோகத்துக்கு என்று டாட் இன்டர்னல் என்ற சொல்லை 2024ல் ஐகான் நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிட்டது, அது எப்போதும் ரூட்டுக்குப் போகாது. அலுவலக நெட்வொர்க் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து அதற்கு மாறிக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே பதிவு செய்த ஒரு டொமைனின் கீழே வையுங்கள். அடுத்த சுற்றில் என்ன சொல் வரும் என்று சொல்ல முடியாது.

---

எழுத்தாணி எழுதியது:

தும்பைப்பூ, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் முழுதாக உடன்பட முடியவில்லை. எல்லாச் சொல்லையும் யாரோ ஒருவர் எதிர்க்கிறார் என்பதற்காகப் பூட்டியே வைத்தால் லாபம் யாருக்கு? டாட் காமில் நல்ல பெயரெல்லாம் கையில் வைத்திருப்பவர்களுக்கு. புதிதாக வருகிறவன் ஒரு கோடு போட்டு, ஓர் எண் சேர்த்து, நான்கு சொல்லை ஒட்டவைத்து ஏதோ ஒரு முகவரி வாங்க வேண்டியிருக்கிறது, அல்லது சும்மா வாங்கிப்போட்டவனிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. நான் சிறிய அமைப்புகளுக்குத் தளம் கட்டிக் கொடுக்கிறேன், பெயர் கிடைக்காமல் வாடிப்போன முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மொழியையும் மறக்காதீர்கள். தெரியாத எழுத்தில் முகவரி எழுத வேண்டிய கட்டாயம் இணையம் தொடங்கிய நாளிலிருந்து 2010 வரை இருந்தது. அந்த வருடம்தான் அரபு எழுத்தில் நாட்டு எக்ஸ்டென்ஷன்கள் முதலில் வந்தன. 2012 சுற்றிலும் முதலில் ரூட்டுக்குள் போன நான்கைப் பாருங்கள், 2013 அக்டோபரில்: அரபுச் சொல் ஒன்று, ரஷ்ய எழுத்தில் இரண்டு, சீனம் ஒன்று. ஆங்கிலச் சொல் ஒன்று கூட இல்லை. புதிய எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்று 1998ல் கதவைச் சாத்தியிருந்தால் இது நடந்திருக்குமா? இதிலும் உரசல் உண்டு. பல்கேரியா தன் எழுத்தில் இரண்டெழுத்து நாட்டுப் பெயர் கேட்டபோது, அது பார்வைக்கு பிரேசிலின் லத்தீன் எழுத்து மாதிரி இருக்கிறது என்று முதலில் மறுத்தார்கள், பல வருடம் இழுத்துத்தான் கொடுத்தார்கள்.

வந்த பிறகும் அவை வேலை செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். குற்றவாளிகள் என்னைப் போன்ற தளம் கட்டுபவர்கள்தான். மெயில் முகவரி சரியா என்று பார்க்கும் வரியில், புள்ளிக்குப் பின் இரண்டு முதல் நான்கு எழுத்துதான் இருக்கலாம் என்று எப்போதோ யாரோ எழுதியதை எல்லோரும் நகலெடுத்தார்கள். டாட் மியூசியம் 2001லேயே வந்துவிட்டது, அதற்கு ஆறு எழுத்து. இன்றும் எத்தனையோ படிவங்கள் டாட் போட்டோகிராஃபியையும் வேற்றெழுத்து முகவரியையும் தவறான மெயில் என்று சிவப்பில் காட்டுகின்றன. பெயருக்குக் காசு கட்டியவர் தன் மெயிலால் ஒரு கணக்குக்கூடத் திறக்க முடியாமல் நிற்கிறார்.

ஆனால் விலை விஷயத்தில் நான் விற்பவர்கள் பக்கம் இல்லை. டாட் காமின் மொத்த விற்பனை விலைக்கு ஒப்பந்தத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2012 சுற்றில் வந்தவற்றுக்கு அது கிடையாது. அவர்கள் நினைத்தால் ஏற்றலாம், முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். 2017ல் ஒரு ரெஜிஸ்ட்ரி, அதாவது எக்ஸ்டென்ஷன்களை நடத்தும் நிறுவனம், தன் சில எக்ஸ்டென்ஷன்களின் விலையைப் பல மடங்கு ஏற்றியபோது, அதில் தளம் வளர்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெயரை விட்டால் வாசகர்கள் போவார்கள், வைத்திருந்தால் பணம் போகும். முதல் வருட விலையைப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள்.

---

தும்பைப்பூ எழுதியது:

எழுத்தாணி, மொழிகளைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன், அதை நான் யோசிக்காமல் விட்டேன். புதிய சொல்லே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. 185,000 டாலர் வைத்திருப்பவர் மட்டும்தான் வரிசையில் நிற்கலாம், ஒரே சொல்லை இரண்டு பேர் கேட்டால் ஏலத்தில் அதிகம் கொடுப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையைத்தான் எதிர்க்கிறேன். மொழிச் சமூகங்களும் பழங்குடி மக்களும் எந்த ஏலத்தில் ஜெயிப்பார்கள்?

---

வேர்முனை எழுதியது:

ஏலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். டாட் ஆப் 2015ல் 2.5 கோடி டாலர், டாட் ஷாப் 2016ல் 4.15 கோடி, அதே வருடம் டாட் வெப் 13.5 கோடி. டாட் வெப்பை எடுத்தது பெயர் தெரியாத ஒரு சிறிய நிறுவனம். ஏலம் முடிந்த சில நாளில்தான், பின்னால் பணம் கொடுத்தது வெரிசைன் என்பது வெளியே வந்தது. டாட் காமை நடத்துகிற அதே வெரிசைன்! டாட் காமுக்கு உண்மையான போட்டியாக வரக்கூடிய ஒரே சொல் அது என்று பலர் நம்பியிருந்தார்கள். இரண்டாவதாக வந்த அஃபிலியாஸ் வழக்குக்குப் போனது, நடுவர் குழு 2021ல் ஐகானே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. ஏலம் முடிந்து எட்டு வருடம் கழித்தும் டாட் வெப் புழக்கத்துக்கு வரவில்லை. 1997ல் போட்ட ஏழு பெயர்கள் பட்டியலிலும் இதே சொல் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு வகை ஏலம் உண்டு, போட்டியாளர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்வது. ஜெயித்தவர் கட்டும் பணத்தைத் தோற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சொல்லே வேண்டாம், தோற்பதற்காகவே விண்ணப்பம் போடலாம் என்ற ஆசை அதில் வருமா வராதா? அடுத்த சுற்றுக்கு இதைத் தடை செய்திருக்கிறார்கள். அந்தச் சுற்றுக்கான கட்டணம் 227,000 டாலர், விண்ணப்பம் 2026 ஏப்ரலில் தொடங்கும் என்று அறிவித்தார்கள். வசதி குறைந்த அமைப்புகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு, தும்பைப்பூ கேட்டதற்கு அது பாதி பதில்தான், தெரியும்.

நியாயம் பார்க்கும் குழுக்களும் ஒரே மாதிரித் தீர்ப்புச் சொல்வதில்லை. டாட் காமில் நடு எழுத்து மாறினால் டாட் கேம், அதாவது கேமராவின் சுருக்கம். அதை மூன்று பேர் கேட்டார்கள். மூவர் மேலும் வெரிசைன் ஒரே காரணத்தைச் சொல்லி எதிர்ப்பு மனு போட்டது. ஒரு நடுவர் குழப்பம் வரும் என்றார், மற்ற இரண்டு தீர்ப்பும் வராது என்றன. எழுத்தும் அதே, எதிர்த்தவரும் அதே.

சரி, கூடுகட்டியின் கேள்விக்கு வருகிறேன். பதினொன்றும் வேண்டாம். இந்தப் பயத்தைக் காட்டி விற்பது பழைய வழக்கம். 2011ல் டாட் எக்ஸ்எக்ஸ்எக்ஸ் வந்தபோது, பதினோரு வருட இழுபறிக்குப் பிறகு வந்தது அது, பல பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரில் ஆபாசத் தளம் வந்துவிடக்கூடாது என்பதற்காகவே காசு கொடுத்து வாங்கிப் பூட்டின. யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத செலவு. 1,400 எக்ஸ்டென்ஷன்களிலும் உங்கள் பெயரைக் காவல் காக்க யாராலும் முடியாது, பெரிய நிறுவனங்களே விட்டுவிட்டன.

யாராவது உங்கள் பெயரைத் திருடி உங்களைப் போலவே நடித்தால் அதற்கு 1999லிருந்து ஒரு தகராறு தீர்க்கும் நடைமுறை இருக்கிறது, யுடிஆர்பி என்பார்கள். ஆனால் அந்தப் பெயரில் உங்களுக்கு முத்திரை உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும், உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஒரு நடுவருக்கு 1,500 டாலர் வாங்குகிறது. அதனால் பழைய பக்கங்களின் நகல், எந்த வருடத்திலிருந்து நடத்துகிறீர்கள் என்பதற்கான சான்று, வாசகர் கடிதங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், நாளைக்கு அதுதான் கைகொடுக்கும். டாட் நெட்டை நீண்ட காலத்துக்குப் புதுப்பியுங்கள், பத்து வருடம் வரை ஒரே தடவையில் கட்டலாம். கூடுதலாக ஏதாவது ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால் டாட் ஆர்க் காலியா என்று பாருங்கள். அதையும் 2019ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப் பார்த்தார்கள், தொண்டு அமைப்புகள் உலகம் முழுக்க எதிர்த்து நின்றதால் 2020 ஏப்ரலில் ஐகான் ஒப்புதல் தர மறுத்தது. அந்த எதிர்ப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

---

கூடுகட்டி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டாட் நெட்டைப் பத்து வருடத்துக்குக் கட்டிவிட்டேன். டாட் ஆர்க் காலியாக இருந்தது, அதை மட்டும் எடுத்தேன். மற்ற பெயர்களையெல்லாம் அந்த நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும்.

எழுத்தாணி சொன்ன அந்த நான்கெழுத்து வரம்பு மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால், நேற்று இரவு என் தளத்தின் சந்தாப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன் எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டது. அதில் அதே வரி, இரண்டு முதல் நான்கு என்று அப்படியே இருந்தது. சந்தா சேர முடியவில்லை என்று இரண்டு வாசகர்கள் முன்பு எழுதியிருந்தார்கள், நான் அவர்களுடைய இணைப்பில் ஏதோ கோளாறு என்று பதில் போட்டிருக்கிறேன். இருவர் முகவரியையும் தேடி எடுத்துப் பார்த்தால், ஒன்று டாட் ஆன்லைன், இன்னொன்று டாட் போட்டோகிராஃபி. வரியை நீக்கிவிட்டேன், இருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். டாட் போட்டோகிராஃபி முகவரிக்காரர் இன்று காலையே சேர்ந்துவிட்டார், கூடவே ஒரு மீன்கொத்தியின் படம்.